நான்கு பெண்களுக்குச் சேரவேண்டிய மூன்று நிமிடங்கள்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் கிர்ஸ்டி கவென்ட்ரி அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2008 ஆகஸ்ட் 22 அன்று பெய்ஜிங் பறவைக்கூடு மைதானத்தில் நடந்த மகளிர் 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் பற்றி, அதில் பதக்க மேடை கிடைக்காமல் போன நான்கு பிரேசில் பெண்களுக்காக எழுதுகிறோம். அதன் கோப்புகள் உங்கள் லொசான் அலுவலகத்திலேயே இருக்கின்றன. ரஷ்யா 42.31 விநாடி, பெல்ஜியம் 42.54, நைஜீரியா 43.04, பிரேசில் 43.14. நைஜீரியாவுக்கும் பிரேசிலுக்கும் இடையே பத்தில் ஒரு விநாடிதான். பிரேசிலுக்காக ஓடியவர்கள் ரோஸ்மார் கோயெல்யோ நெட்டோ, லூசிமார் டி மோரா, தைசா பிரெஸ்தி, கடைசியாக ரோசாஞ்செலா சாண்டோஸ். அன்று ரோசாஞ்செலாவுக்கு 17 வயது. லூசிமாருக்கு 34.

தொடர் ஓட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி ஓடும் கோலைக் கை மாற்றுவதே பெரும் பாடாக இருந்தது. முந்தைய நாள் தகுதிச் சுற்றிலேயே அமெரிக்கா கோலைத் தவறவிட்டு வெளியேறியது. இறுதிப் போட்டியில் ஜமைக்காவும் பிரிட்டனும் ஓட்டத்தை முடிக்கவில்லை. அன்றைய விதிப்படி கோல் மாற்றும் பகுதி 20 மீட்டர். வாங்குபவர் அதற்கு 10 மீட்டர் முன்னாலிருந்து வேகமெடுக்கலாம். (30 மீட்டர் பகுதி பிறகுதான் வந்தது.) வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தரையில் ஒட்டிய அடையாளத்தைக் கொடுப்பவர் தொட்டதும் கிளம்ப வேண்டும், குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அரை அடி முந்திக் கிளம்பினால் கோல் எட்டாது. பிந்தினால் இருவரும் முட்டிக்கொள்வார்கள், எடுத்த வேகமெல்லாம் வீணாகும். இதை மூன்று முறை பிழையில்லாமல் செய்து முடித்த அணி பிரேசில். மற்றவர்கள் விழுந்ததால் நான்காவது இடம் கிடைத்தது என்று சொன்னவர்களுக்குத் தொடர் ஓட்டம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

ரஷ்ய அணியின் யூலியா செர்மோஷான்ஸ்கயாவின் சிறுநீர் மாதிரியை மறுபரிசோதனை செய்ததில் ஸ்டனோசோலோல், டியூரினாபோல் என்ற இரண்டு ஊக்கமருந்துகளின் தடயம் கிடைத்தது. ரஷ்யாவின் தங்கத்தை நீங்கள் பறித்தது 2016 ஆகஸ்டில். பெல்ஜியம் தங்கத்துக்கும், நைஜீரியா வெள்ளிக்கும், பிரேசில் வெண்கலத்துக்கும் உயர்ந்தன. முடிவு சரியானது, அதற்கு நன்றி. எட்டு ஆண்டு ஏன் ஆனது என்பதே எங்கள் கேள்வி. டியூரினாபோல் உடலில் விட்டுச்செல்லும் நீண்டகாலத் தடயங்களைக் கண்டறியும் முறை 2012-லேயே ஆய்விதழில் வெளியாகிவிட்டது. பெய்ஜிங் மாதிரிகளோ உறைபெட்டியில் கிடந்தன. பழைய மாதிரிகளை வைத்து நடவடிக்கை எடுக்க விதி தந்த எட்டு ஆண்டுக் கெடு முடியப்போகும் நேரத்தில்தான் மறுபரிசோதனையின் பெரும்பகுதி நடந்தது. கெடு இப்போது பத்து ஆண்டு. அதை வேலை தொடங்கும் தேதியாக வைத்துக்கொண்டால் ஓட்டக்காரருக்குக் காத்திருப்பு இன்னும் இரண்டு ஆண்டு கூடுகிறது, அவ்வளவுதான். புதிய சோதனை முறை வந்த ஆண்டிலேயே பழைய மாதிரிகளை வெளியே எடுங்கள்.

அந்த நால்வரும் எதை இழந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தலைவர் அவர்களே. அதே பெய்ஜிங்கில் நீச்சலில் ஒரு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்று நான்கு முறை மேடையேறியவர் நீங்கள். பெயரை அழைப்பார்கள், கழுத்தில் பதக்கம் போடுவார்கள், கொடி ஏறும். மூன்றாம் இடத்துக்கும் கொடி உண்டு. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்குமா? அந்த மூன்று நிமிடம் பெய்ஜிங்கில் வேறொருவருக்குப் போனது. 17 வயதில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பெண்ணாக ரோசாஞ்செலா ஊர் திரும்பியிருக்க வேண்டும். நான்காவதாக வந்த அணியின் பெண்ணாகத் திரும்பினார். காலணி நிறுவனத்திடமும் நிதியுதவி கேட்டுப் போகும் இடத்திலும் முதலில் கேட்பது பதக்கம் உண்டா என்பதைத்தான். 2011 குவாதலஹாரா பான் அமெரிக்கப் போட்டியில் 100 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் அவர் தங்கம் வென்றபோதும், 2013 மாஸ்கோ உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் அவர் ஓடிய அணி 42.29 விநாடியில் தென் அமெரிக்கச் சாதனை படைத்தபோதும், அவர் பெயருக்கு எதிரே ஒலிம்பிக் பதக்கம் என்ற சொல் இல்லை. பதக்கம் கைக்கு வந்தது 2017-ல், பிரேசிலிலேயே நடந்த ஒரு விழாவில். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் உலகப் போட்டியின் அரையிறுதியில் 10.91 விநாடியில் ஓடி, 11 விநாடிக்குள் வந்த முதல் தென் அமெரிக்கப் பெண்ணானார். ரோசாஞ்செலாவுக்காவது பதக்கம் வந்தபோது ஓடும் வயது மிச்சமிருந்தது. 1999-ல் பொகோட்டாவில் 11.17 ஓடிய லூசிமாருக்கு அதுவும் இல்லை; பதக்கம் வந்தபோது அவர் நாற்பதைக் கடந்திருந்தார்.

2018-ல் நீங்கள் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தீர்கள். தாமதமாகப் பதக்கம் பெறுபவர் அதை எங்கே வாங்குவது என்று தானே தேர்ந்தெடுக்கலாம். அடுத்த ஒலிம்பிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. 2024-ல் பாரிஸில் பத்துப் பேர் அப்படி மக்கள் முன்னால் வாங்கினார்கள். பெய்ஜிங்கில் நான்காவதாக வந்த பிரேசில் ஆண்கள் அணிக்கும், தங்கம் வென்ற ஜமைக்கா அணியின் நெஸ்டா கார்ட்டர் ஊக்கமருந்தால் தகுதியிழந்த பிறகு, 2019-ல் லொசானிலேயே வெண்கலம் கொடுத்தீர்கள். பெண்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. விதி வருவதற்கு ஓராண்டு முன்பே பதக்கத்தைக் கொடுத்து முடித்துவிட்டதுதான் காரணம்.

இதில் பிரேசில் மட்டும் இல்லை. சிட்னி 2000-ல் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கிய இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு ஊக்கமருந்தால் தங்கத்தை இழந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் விட்டுச்சென்ற இடம் வெள்ளியாக வந்தது 2009-ல்தான். ஜோன்ஸ் தன் வாயால் ஒப்புக்கொண்டதோ 2007-ல்! ஒப்புக்கொண்ட வழக்குக்கே இரண்டு ஆண்டு. ஏமாற்றியவர் மேடையில் நின்றபோது உங்கள் கேமரா எல்லாம் அங்கே இருந்தது. உரியவருக்குப் போய்ச் சேரும்போது மட்டும் உங்களுக்கு ஒரு கடிதமும் ஒரு பெட்டியும் போதுமானதாக இருக்கிறது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

கேட்க வந்தது ஒன்றுதான். அந்த நால்வரையும் ஒலிம்பிக் தடகள அரங்கில் மேடையேற்றுங்கள். 2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் வருகிறது. பெய்ஜிங்குக்குச் சரியாக இருபது ஆண்டு. மகளிர் 4x100 இறுதிப் போட்டி நடக்கும் மாலையில், ஓட்டத்துக்கு முன்போ பின்போ, மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். பயணச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். 2008-ன் நேரப் பட்டியலைத் திருத்திய வரிசையில் அரங்கத் திரையில் காட்டுங்கள். நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக அழைத்து, பிரேசில் கொடியை ஏற்றுங்கள். பெல்ஜியம், நைஜீரியா ஓட்டக்காரர்கள் விரும்பினால் அவர்களும் தங்கள் படிகளில் நிற்கட்டும். 2018-க்கு முன்பு பதக்கம் பெற்ற மற்றவர்களுக்கும் அந்த விதியை விரித்துத் தாருங்கள். அதற்கு நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

உங்கள் வேலைப் பளுவை அறிவோம். ஆனாலும் பணிவோடு மறுபடி கேட்கிறோம்: அந்த நால்வரையும் மேடையேற்றுங்கள். பதிலை, முடிந்தால் முதலில் அவர்களுக்கே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தடகளத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் சிலர்