வரி தவிர்ப்பைத் தடுக்க வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருநிறுவனங்களின் வரி பற்றிய செய்திகளில் ஏய்ப்பும் தவிர்ப்பும் ஒரே பொருளில் எழுதப்படுவது எனக்கு நெடுநாள் வருத்தம். வருமானத்தை மறைத்துப் பொய்க்கணக்கு காட்டுவது ஏய்ப்பு. அதைப் பிடிக்க வேண்டியவர் வரி அதிகாரி. தவிர்ப்பு என்பது சட்டத்தின் ஓட்டை வழியாக, எல்லாத் தாள்களிலும் முறைப்படி கையெழுத்திட்டு வரியைக் குறைத்துக்கொள்வது. அந்த ஓட்டையை அடைக்கும் அதிகாரம் சட்டம் இயற்றுபவர் கையில்தான் இருக்கிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐரோப்பாவில் ஈட்டிய லாபம் அயர்லாந்தில் பதிவான துணை நிறுவனத்தின் கணக்கில் ஏறி, அதன் பெரும்பகுதி ஒரு தலைமை அலுவலகத்தின் பங்காகக் காட்டப்பட்டது. அந்தத் தலைமை அலுவலகத்துக்குக் கட்டடமும் இல்லை, ஊழியரும் இல்லை. எந்த நாட்டின் வரியும் அதைத் தொடவில்லை. 2014இல் அத்துணை நிறுவனத்தின் ஐரோப்பிய லாபத்துக்கு விழுந்த வரி 0.005 சதவீதம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. அதாவது, 10 லட்சம் யூரோவுக்கு 50 யூரோ. 2016இல் சுமார் 1,300 கோடி யூரோவை வசூலிக்க ஆணையம் உத்தரவிட்டபோது, அதைப் பெற வேண்டிய அயர்லாந்து அரசே அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2024 செப்டம்பரில்தான் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது.

முதலீடு போய்விடும் என்ற அச்சத்தில் அரசுகளே போட்டி போட்டுக்கொண்டு சலுகை தரும்போது, நிறுவனத்தின் மனசாட்சியை மட்டும் குறை சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டது நல்ல தொடக்கம்தான். ஆனால் 2025 ஜூனில் அமெரிக்க நிறுவனங்களுக்கு அதன் முக்கிய விதிகளிலிருந்து விலக்களிக்க ஜி7 நாடுகள் இசைந்ததைப் படித்தபோது மனம் சோர்ந்துபோனது. சம்பளம் கைக்கு வரும் முன்பே வரி பிடிக்கப்படும் ஊழியருக்காக எந்த அரசும் இப்படி வாதாடியதில்லை.

எந்த நாட்டில் எவ்வளவு விற்பனை, எத்தனை ஊழியர், எவ்வளவு வரி என்ற நாடுவாரி அறிக்கையைப் பெருநிறுவனங்கள் வரித்துறைகளிடம் ஏற்கெனவே தாக்கல் செய்கின்றன. அதை மக்கள் பார்வைக்கு வைக்கும் சட்டத்தை ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் உடனே நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு வரிச்சலுகையாலும் கருவூலம் இழந்த தொகையை, அந்தச் சலுகையை முன்மொழிந்த அமைச்சரே ஆண்டுதோறும் அவையில் எழுந்து வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்