மகளின் ரத்தத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் இந்த மாதம் பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்தாள். ஒரு முழு ஆண்டு நிமோனியாவால் படுக்காமல் வகுப்புக்குப் போனாள். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய செய்தி. அதற்குக் காரணமான பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

பதினைந்து வயதிலிருந்தே சைனஸ், காதுவலி, நெஞ்சுச்சளி என்று மாறி மாறி வந்தது. போன இடத்திலெல்லாம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சோம்பலில் படுத்திருக்கிறாள் என்று நானே திட்டியிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

பலதுறை மருந்தகத்தில் அன்று இருந்த இளம் மருத்துவரே, "இதுவரை எத்தனை முறை நிமோனியா?" என்று முதலில் கேட்டவர் நீங்கள்தான். நீங்கள் அனுப்பிய நிபுணர் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். அதில் ஐஜிஜி, ஐஜிஏ என்ற இரண்டு வகையுமே குறைவு. நிமோனியா தரும் கிருமிக்கு எதிரான நிமோகோக்கல் தடுப்பூசி போட்டு நான்கு வாரம் கழித்துப் பார்த்தும் எதிர்ப்பொருள் ஏறவில்லை.

அப்புறம், ஆய்வுக்கூட ஊழியர்கள். உங்களை நான் பார்த்ததே இல்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை பிரித்தீர்கள். எதிர்ப்பொருளுக்கு மூலமான பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் இருந்தன. ஆனால் கிருமியைச் சந்தித்து, அதை நினைவில் வைத்து, ஐஜிஜி சுரக்கும் தகுதிக்கு மாறியவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரும் மேல் வகுப்புக்கு ஏறாததுபோல என்று புரிந்துகொண்டேன். நோயின் பெயர் சிவிஐடி, உடல் போதிய எதிர்ப்பொருளைச் சுரக்காத நோயெதிர்ப்புக் குறைபாடு. அந்த அணுக்கள் இவ்வளவு குறைந்தால் மண்ணீரல் வீங்க வாய்ப்பு அதிகமாம். ஸ்கேன் செய்தபோது கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. உங்கள் அறிக்கை இல்லையென்றால் அதை யார் தேடியிருப்பார்கள்?

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ட்ரிப் ஏற்றும் தாதியரே, நரம்பு கிடைக்காத நாளில் அவள் கையைச் சூடுபடுத்தி, அவசரப்படாமல் காத்திருப்பீர்கள். அந்தப் பொறுமையை மறக்க மாட்டேன்.

அந்த மருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சேர்த்துத் தயாராகிறது. செயற்கையாக உருவாக்க முடியாத ஒன்று, மனிதர் கொடுத்தால்தான் உண்டு. எங்கள் புளோக் தம்பிகள் ஐந்து பேர் இங்கே சிங்கப்பூரில் ஊட்ரம், டோபி காட் ரத்த வங்கிகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த ரத்தம் அவளுக்கே வராது என்று தெரிந்தும் போனார்கள். தம்பிகளே, முகம் தெரியாத கொடையாளர்களே, உங்கள் எல்லாருக்கும் என் கைகூப்பு.

சளி பிடித்திருந்ததால் தீபாவளிக்கு உள்ளே வராமல், முறுக்குப் பையை எங்கள் இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போன நான்காம் மாடி அக்காவுக்கும் நன்றி. அதைப் பார்த்துத்தான் அன்று என் மகள் அழுதாள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தாய்