ஞாயிறு சைக்கிள் சவாரி: லண்டன் ரிச்மண்ட் பார்க், டாம்சின் டிரெயில்

உறவுகளே, காலை 8 மணிக்கு ரோஹாம்ப்டன் கேட் கார் பார்க்கில் கூடுவோம். 1637-இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் வேட்டைக்காக மதில் கட்டி வளைத்த நிலம் இது. மதிலை ஒட்டிப் பூங்காவைச் சுற்றும் டாம்சின் டிரெயில் பாதை ஏறக்குறைய 11.5 கி.மீ. வண்டித் தொல்லை அநேகமாக இல்லை. கேட்டுகளை ஒட்டிச் சாலையைக் கடக்கும்போது மட்டும் நின்று பாருங்கள்.

ராபின் ஹுட் கேட் வரை பெவர்லி புரூக் ஓடையோரம் சமதளம், அப்புறம் புரூம்ஃபீல்டு ஹில் ஏற்றம். ஏறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரத்தோடு பாதியில் மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

பாதை இறுகிய சரளை. 35 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம். காற்றை 45–50 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள். கல் மாதிரி அடித்தால் வளைவில் சறுக்கும். கிங்ஸ்டன் கேட் இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள், இரண்டையும் மெல்ல அழுத்துங்கள். பக்கப்பை மாட்டுவோர் கேரியர் போல்ட்டுகளைக் கிளம்புமுன் 4 மி.மீ. ஆலன் கீயால் முறுக்கிப் பாருங்கள், அதிர்வில் முதலில் தளர்வது அவைதான்.

வேக வரம்பு மணிக்கு 10 மைல். நடப்பவர்களுக்கே முதல் வழி. மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், படம் எடுக்கவும் நெருங்காதீர்கள். தேநீர் பெம்புரோக் லாட்ஜில். வருபவர்கள் சனி மாலைக்குள் இங்கே பெயர் போடுங்கள்.