டிஸ்சார்ஜ் அன்று யாரும் சொல்லாதது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மனநல வார்டுகளில் படுக்கை போதவில்லை, டாக்டர் போதவில்லை என்று அடிக்கடி படிக்கிறோம். உண்மைதான். ஆனால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து அதே படுக்கையில் படுக்க நேர்வது ஏன்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் தம்பிக்கு ‘பைபோலார்’ என்கிற மனநோய்; சில காலம் எல்லை மீறிய வேகம், சில காலம் ஒரேயடியான சோர்வு என்று மாறி மாறி வரும். மன்னார்குடிப் பக்கம் ஆறு மா நிலத்தில் எங்களுக்குச் சாகுபடி. நான்கு வருடத்தில் மூன்று முறை அவனை மருத்துவமனையில் சேர்த்தோம். சிஸ்டர்கள் அவனைக் கனிவாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு டியூட்டியில் கேட்டதை அடுத்த டியூட்டிக்கு யாரும் சொல்வதில்லை. நோய் மீறிய நேரத்தில் அவன் அம்மாவை அடித்துவிட்டான். அதை நான்கு பேரிடம் நான்கு தடவை, அவன் எதிரிலேயே சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருமுறை கேட்டு ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் அந்த வேதனை அவனுக்கு இருந்திருக்காது.

டிஸ்சார்ஜ் அன்று எல்லாமே அவசரம். ஆங்கிலத்தில் ஒரு சீட்டு, பதினைந்து நாள் மாத்திரை, ‘தீர்ந்ததும் ஓ.பி.க்கு வாங்க’. அவ்வளவுதான். அவனுக்குக் கொடுத்தது லித்தியம். அதைச் சாப்பிடுகிறவர் வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றினால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுங்கும், வாந்தி வரும், பேதியாகும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும் அந்த ஆபத்து உண்டு. அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய மருந்து அது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. குறுவை நடவு சமயம், ஆனி வெயிலில் நாள் முழுக்க வயலில் நின்றவனுக்குக் கை நடுங்கியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே நிறுத்திவிட்டோம். இரண்டே மாதத்தில் மறுபடியும் வார்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 98ஆம் பிரிவில் இதற்கு வழி சொல்கிறது. அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் நோயாளியோடும், அவர் நியமித்த பிரதிநிதியோடும், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடும் கலந்து பேசி, அப்புறம் என்ன சிகிச்சை என்று திட்டமிட வேண்டும். மூன்று முறையும் என்னிடம் யாரும் அப்படிப் பேசவில்லை.

சேர்க்கிற அன்றைக்கே இந்த வேலையைத் தொடங்கிவிடலாமே! வார்டில் ஒரு சிஸ்டருக்கு இதைப் பொறுப்பாகக் கொடுக்கலாம். என்ன மாத்திரை, எதில் கவனம், என்ன அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று தமிழில் ஒரே தாள் போதும். போனில் மனநல ஆலோசனை சொல்லும் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 எண்ணையும் அதில் அச்சடிக்கலாம். வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் ஒரு போன் செய்யலாம். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வாசலுக்கே வருகிறது. தம்பியின் மாத்திரைக்கோ இரண்டு பஸ் மாறிப் போகிறோம். ஒரு நாள் கூலியும் போகிறது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது வாங்க வழி செய்ய வேண்டும்.

இப்போது இதையெல்லாம் நானே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசியாகச் சேர்த்தபோது ஒரு சிஸ்டர் அதைப் பொறுமையாகப் படித்து, ஜெராக்ஸ் எடுத்து, கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைத்தார். அந்தத் தடவை யாரும் என்னிடம் பழைய கதையைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம்.