தறிக்காரர்கிட்ட அனுப்புங்க நம்ம பசங்கள

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பொண்ணு சேலம் பக்கத்துல ஒரு என்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறா, போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ரெக்கார்டு நோட்டுல பென்சில், ஸ்கேல் வச்சு சாஃப்ட்வேர் என்ஜினியரிங் பாடத்துக்கு வாட்டர்ஃபால் மாடல் படம் (சாஃப்ட்வேர் வேலைய ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு படிப்படியா காட்டுற கட்டங்க) வரைஞ்சிட்டு இருந்தா, கட்டம் கோணலாயிடுச்சுன்னு அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு. நான் பதினஞ்சு வருஷமா சாஃப்ட்வேர் வேலைல இருக்கேன், அந்தக் கட்டத்தை ஒரு நாள் கூட வரைஞ்சதில்ல.

சாஃப்ட்வேர் என்ஜினியரிங்ங்கிற பேரே 1968ல ஜெர்மனி கார்மிஷ்ல நடந்த நேட்டோ மாநாட்டுக்கு அப்புறம்தான் பரவுச்சு, பெரிய ப்ராஜெக்டெல்லாம் சொன்ன காசுலயும் நாள்லயும் முடியலங்கிற கவலைதான் அங்க பேச்சு. அந்தக் கவலைய பசங்களுக்கு யாரும் சொல்றதில்ல, டெஃபனிஷன மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. ப்ரோகிராம்ல யார் எதை மாத்துனாங்கன்னு பதிஞ்சு வைக்கிற கிட் (Git) வந்தது 2005ல, இவ கிளாஸ்ல இன்னும் ப்ரோகிராம் கோடு (code) பென்டிரைவ்லதான் கைமாறுது.

எங்க அம்மாபேட்டைல கூலிக் கணக்க நோட்டுல எழுதுற தறிக்காரங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அஞ்சு பசங்கள ஒருத்தர்கிட்ட அனுப்பி, அந்தக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர என்ன வேணும்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க, அவரு மூணு தடவ பேச்ச மாத்துவாரு, அதுதான் பாடமே. அடுத்த பேட்ச் இவங்க எழுதுன கோட வாங்கிப் படிச்சு திருத்தட்டும், வேலைக்குப் போனா முதல்ல அடுத்தவங்க எழுதுன கோடத்தான படிக்கணும். காசு குடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குறதும் அப்ப குறையும்.

சிலபஸ் போடுறவங்க தயவுசெஞ்சு இத கவனிக்கணும், அவ தம்பி அடுத்த வருஷம் காலேஜ் சேரப்போறான்.

ஒரு தகப்பன்,
அம்மாபேட்டை, சேலம்.