தொழுகை நேரத்தோடு மண்டலத்தின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழில் வரும் தொழுகை நேரக் கட்டத்தின் தலைப்பில் ‘மலேசியா’ என்று மட்டும் போட்டால் போதாது. மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் நாட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்துத்தான் நேரம் வெளியிடுகிறது. சிலாங்கூருக்கு மட்டும் மூன்று மண்டலங்கள், ஜொகூருக்கு நான்கு. கெடாவில் ஜெராய் மலைக்குத் தனி மண்டலமே உண்டு. 1,200 மீட்டர் உயரத்தில் சூரியன் மறைவது அடிவாரத்தைவிடச் சுமார் நான்கு நிமிடம் தாமதமாகத் தெரியும். கீழே பாங்கு சொல்லிவிட்டார்களே என்று மலை உச்சியில் நோன்பு துறந்துவிட முடியாது.

1982 புத்தாண்டில் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்கோடு ஒன்றானது. கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஒன்றாகவில்லை. கோலாலம்பூரில் சூரியன் உச்சி சாய்வது சராசரியாகப் பகல் 1.13க்கு. பிப்ரவரி நடுவில் அது 1.28 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.57க்கு வந்துவிடும். சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்கும் நண்பகல் தொழுகையான லுஹர், கோத்தா கினாபாலுவில் இதற்கு 57 நிமிடம் முன்பே வந்துவிடுகிறது.

‘தலைநகர் நேரத்தோடு இத்தனை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு குறிப்பைப் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அந்தக் கணக்கு லுஹருக்கு மட்டுமே சரிவரும். ஜொகூர் பாருவையும் பினாங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் லுஹரில் ஆண்டு முழுவதும் 14 நிமிட வித்தியாசம். சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபில் அப்படியல்ல: ஜூன் மாதம் பினாங்கு 20 நிமிடம் பிந்தும், டிசம்பரில் 7 நிமிடம்தான் பிந்தும். பினாங்கு வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே பகல் ஜூனில் நீளும், டிசம்பரில் குறுகும். சூரிய உதயத்தில் இதே கணக்கு தலைகீழாகும். லுஹருக்கான அந்த 14 நிமிடத்தையே கூட்டி நோன்பு துறந்தால் ஆண்டின் ஏதாவது ஒரு பகுதியில் சூரியன் மறையும் முன்பே வாய் நனைந்துவிடும்.

கைப்பேசிச் செயலியைப் பார்த்து நேரம் எடுத்து அச்சிடுவதும் ஆபத்துதான். விடியற்காலைத் தொழுகையான சுபுஹு நேரத்துக்கு, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகை என்றிருந்த பழைய அளவை ஜாக்கிம் 2019 இறுதியில் 18 பாகையாக மாற்றியது. அதனால் சுபுஹு சுமார் எட்டு நிமிடம் பிந்தியது. பழைய அளவிலேயே நிற்கும் செயலியைப் பார்த்து, நோன்புக்கு முன் உண்ணும் ஸஹரை முன்னதாக நிறுத்தினால் நோன்புக்குப் பாதகமில்லை. ஆனால் அந்த எட்டு நிமிடத்துக்குள் தொழுதால் அது வக்துக்கு, அதாவது உரிய நேரத்துக்கு, முந்திய தொழுகை, செல்லாது. செயலியில் சவூதி அரேபியாவின் உம்முல் குரா முறை தேர்வாகியிருந்தால், இரவுத் தொழுகையான இஷாவை ரமலான் தவிர்த்த நாட்களில் மஃரிபுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்தே காட்டும். நம் நாட்டில் அந்த இடைவெளி பொதுவாக ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டாது.

பிற்பகல் தொழுகையான அஸரில் இன்னொரு சிக்கல். இங்கே அதிகாரபூர்வ நேரம் ஷாஃபி என்ற சட்டப்பள்ளியின் முறைப்படி. டிசம்பர் இறுதியில் கோலாலம்பூரில் ஒரு மீட்டர் கம்பை நட்டால் உச்சி நிழல் 50 செ.மீ. விழும். அதோடு கம்பின் நீளமும் கூடி நிழல் ஒன்றரை மீட்டரானால் அஸர். ஹனஃபி என்ற இன்னொரு சட்டப்பள்ளியின் முறையில் கம்பின் நீளம் இரு மடங்கு கூடி இரண்டரை மீட்டர் வரும் வரை காத்திருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சியில் நிழலே இராது, அப்போது ஒரு மீட்டர் நிழலே போதும். செயலியில் ஹனஃபி என்று இருப்பதைக் கவனிக்காமல் அச்சிட்டால் ஷாஃபி முறையைப் பின்பற்றும் நம் தமிழ் முஸ்லிம்களில் பலர் குழம்பிப்போவார்கள்.

இம்சாக் நேரத்தையும் சுபுஹு நேரத்தையும் ஒரே வரியில் அடக்காதீர்கள். இம்சாக் என்பது சுபுஹுக்குப் பத்து நிமிடம் முந்திய எச்சரிக்கை, அவ்வளவே. நோன்பு தொடங்குவது சுபுஹில். சூரிய உதயத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், சுபுஹின் வக்து அதோடு முடிகிறது. இடம் போதாதென்றால் பஞ்சாங்கக் குறிப்பில் இரண்டு வரி குறைத்துக்கொள்ளலாம், வாசகர்கள் மன்னிப்பார்கள்!

தேதி, மண்டலம், அதில் அடங்கும் மாவட்டங்கள் மூன்றும் கட்டத்தின் மேலே இருக்கட்டும். சபா, சரவாக் பதிப்புக்குத் தனிக் கட்டம் வேண்டும். சபாவுக்குள்ளேயே கோத்தா கினாபாலுவுக்கும் செம்பூர்ணாவுக்கும் பத்து நிமிட வித்தியாசம் இருப்பதால் ஒரு வரி அங்கும் போதாது.

இப்படிக்கு,
வாசகர், கிள்ளான்