வீட்டை இடிக்குமுன் தோட்டக் கதவை ஒரு நாள் திறந்து வையுங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு, சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், பள்ளத்தூரிலிருந்து செடி வளர்க்கிற ஒருத்தி எழுதும் மடல்.

வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

வீட்டை விற்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு முப்பது பங்கு, நாற்பது பங்கு என்று ஆன பிறகு, ஒழுகுகிற ஓட்டை மாற்றக்கூட எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் தெரியும். நான் கேட்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தைப் பற்றி.

மூன்று வருடத்துக்கு முன்னால், வைகாசி மாதம், எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு போனது. ஒரு மாதமாக வேலை நடந்தது. தேக்குத் தூண்களுக்குச் சாக்குச் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். நிலைக்கதவில் சாக்பீஸால் எண் போட்டுக் கழற்றினார்கள். உடையாமல் வந்த ஆத்தங்குடி டைல்ஸை எண்ணி அடுக்கினார்கள். கொடியடுப்புப் பக்கம் கிடந்த இனாமல் சட்டியைக்கூட ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் பழைய சாமான் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கும். கடைசி நாள் ஜேசிபி வந்தது. சுவரைத் தள்ளிவிட்டு அப்படியே பின்பக்கம் திரும்பி, கிணற்றடியில் இருந்த அடுக்குமல்லி, அடுக்குச் செம்பருத்தி, மனோரஞ்சிதம், நாரத்தை எல்லாவற்றையும் இரண்டே இழுப்பில் வாரி ஓரமாகக் குவித்தது. நோட்டில் ஒரு வரியும் இல்லாமல் போனவை அவை மட்டும்தான்.

விஷயம் தெரிந்து நான் ஓடிப்போனபோது குவியல் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் கேட்டேன். நல்ல மனிதர். "அஞ்சு நிமிஷம்மா, மதியம் கொளுத்திடுவாங்க, சீக்கிரம் எடுத்துக்கங்க" என்றார். செம்பருத்தியில் ஏழு குச்சி வெட்டினேன். மனோரஞ்சிதக் கொடிக்கு அடியில் மஞ்சளாகப் பழுத்து விழுந்திருந்த காய் நான்கு கிடைத்தது. அடுக்குமல்லி குவியலின் அடியில் இருந்தது, இழுக்க முடியவில்லை. ஏழு குச்சியில் மூன்று பிழைத்தன. மனோரஞ்சித விதையில் இரண்டு மட்டும், மூன்று மாதம் கழித்து, நான் நம்பிக்கையை விட்ட பிறகு முளைத்தன. அந்த அடுக்குமல்லி இன்றைக்கு எங்கேயும் இல்லை.

அந்த வீட்டு ஆச்சி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். சந்துப் பக்கக் கதவைத் தட்டினால் போதும். பூ கேட்டால் பூ, குச்சி கேட்டால் குச்சி. தன் கையாலேயே வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து, "வழியில நின்னு கதை பேசாத, நேராப் போயி மண்ணுல ஊனு" என்பார்கள். இன்றைக்கும் யாரிடம் குச்சி வாங்கினாலும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது.

குச்சியை ஊன்றி வளர்த்த செடி, தாய்ச்செடியின் பிள்ளை இல்லை. அதே செடிதான். விதை என்றால் இரண்டு செடி கலந்த புது உயிர். குச்சி அப்படி இல்லை, அந்தச் செடியே இன்னொரு இடத்தில் தொடர்கிறது. உங்கள் ஆயாவோ அப்பத்தாவோ எழுபது வருடத்துக்கு முன்னால் ஊன்றிய செம்பருத்தியின் குச்சி இன்று என் வீட்டுத் தொட்டியில் துளிர்த்தால், துளிர்ப்பது அவர்கள் தொட்டு வளர்த்த அதே செடி. இன்னொன்றும் உண்டு. அடுக்குப் பூ பூக்கிற செம்பருத்தியும் நந்தியாவட்டையும் லேசில் விதை பிடிக்காது. குண்டுமல்லி, அடுக்குமல்லியெல்லாம் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. குச்சி வெட்டி வைக்க ஆள் இருந்தால்தான் அந்தச் செடிக்கு அடுத்த தலைமுறை. வேரோடு போனால் போனதுதான்.

நர்சரியில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வாங்கியும் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பது வேகமாக விற்கிற சில வகைகள். தினம் தண்ணீர் கண்டு, நிழல்வலைக்குக் கீழே வளர்ந்தவை. உங்கள் தோட்டத்தில் நிற்பவை இந்தச் செம்மண்ணில், இந்த வெயிலில், வீட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு ஊற்ற ஆளில்லாமல், ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் நம்பிப் பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்தவை. எங்களுக்கு அந்தச் செடிதான் வேண்டும்.

இந்த ஊர்ப் பக்கம் என்னைப் போல செடிக்கிறுக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறவர், இரண்டு மூன்று டீச்சர்கள். எங்கே போனாலும் கண் செடி மேல்தான். என் கைப்பையில் சின்னக் கத்தி, பழைய வேட்டித் துணி, நியூஸ்பேப்பர், விதை போட மருந்துக்கடைக் கவர் எப்போதும் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் வேலியோரம் பட்டாசுக்காய் பழுத்திருந்தால் நாலு பறித்துக்கொள்வேன். சின்ன வயதில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து, அது படக்கென்று வெடித்து விதை தெறிக்கிறதைப் பார்த்துச் சிரிப்போம். கனகாம்பரக் காயும் அதே மாதிரிதான். ஈரம் பட்டால் வெடித்துவிடும், அதனால் காய்ந்த காயை மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். ஊதாப் பூ பூக்கிற டிசம்பர் செடி, சங்குப்பூ, துளசிக் கதிர் எல்லாம் இப்படிப் போகிற வழியில் சேர்ந்தவைதான்.

ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பதைக் கேட்காமல் தொடுவதில்லை. திருடி வைத்த செடிதான் நன்றாக வரும் என்று மணி பிளாண்ட்டுக்கும் கறிவேப்பிலைக்கும் இங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருடுகிறவர் கையில் அகப்பட்ட நுனியைக் கிள்ளிக்கொண்டு ஓடுவார். கேட்டு வாங்குகிறவருக்கு வீட்டுக்காரர் எந்தக் கிளை, எந்த மாதம், வெயிலா நிழலா என்று சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார். ரங்கூன் மல்லி கேட்டுப் போன வீட்டில் ஒரு பெரியவர், "அம்மா, இதைச் சுவரோரம் வச்சிராதீங்க, பக்கக்கன்று விட்டு வீட்டையே மூடிரும்" என்று சொன்னார். அதைக் கேட்டதால் என் சுவர் பிழைத்தது. அந்தக் கொடியை இப்போது தனிப் பந்தலில் விட்டிருக்கிறேன். சாயங்காலம் வெள்ளையாக விரிகிற பூ, மறுநாள் ரோஸ், அதற்கு அடுத்த நாள் சிவப்பு. மூன்று நிறமும் ஒரே கொத்தில் தொங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினதும் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். இடிக்கிற அன்றைக்குச் சொன்னால் பாதிச் செடியைக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

செம்பருத்தி, மருதாணி, நந்தியாவட்டை எளிது. பென்சில் கனத்தில், பச்சையும் இல்லாமல் ரொம்ப முற்றியும் போகாமல் ஒரு சாண் குச்சி. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை உருவி, மொட்டு இருந்தால் கிள்ளிவிட்டு, அன்றைக்கே ஊன்றலாம். முருங்கைக்குப் போத்து வேண்டும், மணிக்கட்டுக் கனத்தில் மூன்று நாலு அடி நீளக் கிளைத்துண்டு. வெட்டுவாய் ஆறுகிற வரை நிழலில் போட்டுவைத்து ஊன்றினால் அழுகாது. பழைய யாழ்ப்பாண முருங்கையை விதை போட்டு எடுத்தால் அதே காய் வரும் என்று சொல்ல முடியாது, போத்துதான் வழி.

மாமரத்துக்குப் போத்தும் உதவாது. கொட்டையைப் போட்டால் தாய் மரத்துப் பழம் அப்படியே வராது, ஒட்டுக் கட்ட வேண்டும். அதற்கு எடுக்கிற கிளைநுனியில் ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் நறுக்கிவிட்டால்தான் மொட்டுத் திரண்டு ஒட்டுப் பிடிக்கும். கட்டுகிற கன்றும் தயாராக இருக்க வேண்டும். உங்கள் ஐயா காலத்து மாமரத்தின் ருசி நாக்கில் நிற்கிறதல்லவா, அது இந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது.

மனோரஞ்சிதத்துக்கும் செண்பகத்துக்கும் இன்னும் பொறுமை வேண்டும். குச்சி லேசில் வேர் விடாது. கிளையில் ஒரு விரற்கடை பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய்நார்த் தூளை வைத்து, பிளாஸ்டிக் தாளால் கட்டி விண்பதியம் போட வேண்டும். வேர் கண்ணுக்குத் தெரிய இரண்டு மாதமாவது ஆகும்.

விதையிலும் காத்திருக்காத விதை உண்டு. கறிவேப்பிலைப் பழம், வேப்பம்பழம், பலாக்கொட்டை இவையெல்லாம் காய்ந்துவிட்டால் முளைக்கிற சக்தி சில வாரத்திலேயே போய்விடும். இலுப்பையும் அப்படித்தான். நகரத்தார் குலங்களுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில் ஊர்களில் ஒன்றின் பெயரே இலுப்பைக்குடி. நம் பக்கத்து ஊர்ப் பெயரில் இருக்கிற மரத்தின் விதையை, விழுந்த வாரமே பொறுக்கிப் போட ஆளை உள்ளே விட்டால் போதும்.

இதற்காக நீங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேனுக்கோ, சாவி வைத்திருக்கிற பங்காளிக்கோ ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் தோட்டத்துக் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்குள் எங்களுக்கு வேலை இல்லை. வாங்குகிறவரோடு பேசும்போது, மண்ணைக் கிளறுமுன் செடிக்காரர்களுக்கு ஒரு நாள் விட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறந்து தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போதும் அப்படித்தான். கழித்த கிளையைக் கொளுத்தாமல் ஒரு நாள் வாசல் ஓரமாகப் போட்டுவைத்தால் நாங்கள் வந்து எடுத்துக்கொள்வோம், மிச்சத்தையும் நாங்களே அப்புறப்படுத்திவிடுவோம். வீடுகளை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறவர்களிடமும் இதையே கேட்கிறேன். உங்கள் தோட்டக்காரர் மாதாமாதம் கழித்துப் போடுகிற குச்சியில் ஒரு தெருவுக்கே செடி இருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்தும் சில வாக்குக் கொடுக்க வேண்டும். நிற்கப் போகிற வீட்டில் எதையும் வேரோடு பிடுங்க மாட்டோம். ஒரு செடியில் நாலு குச்சிக்கு மேல் எடுக்க மாட்டோம். கோயில் நந்தவனத்தில் கை வைக்க மாட்டோம், அது சாமிக்கு உள்ளது. எடுத்ததை விற்க மாட்டோம். வாங்கி வந்த குச்சியை இரண்டு வாரம் தனியாக வைத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றச் செடிகளோடு சேர்ப்போம். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, வீட்டுச் செம்பருத்தியையும் வெள்ளையாக மூடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து வயல்களில் விட்ட பிறகுதான் அது அடங்கியது. அதனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன். ஊருக்கு வரும்போது அன்பாக ஆர்க்கிட் குச்சி, விதை என்று பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் செடி நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது, 2003-லிருந்து அதற்கென்று தனி ஆணையே இருக்கிறது. எங்களுக்கு உங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருப்பதே போதும்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அதிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் நடுமுற்றமான வளவையும் முகப்பையும் ஊருணியையும் போட்டோ எடுக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வளவில் உட்கார்ந்து ஆச்சிமார் கட்டிய பூ எந்தக் கொடியில் பூத்தது என்று யாரும் பின்பக்கம் போய்ப் பார்த்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருந்த நார்த்தங்காய், கையில் சிவந்த மருதாணி, இட்லிக்குத் தாளித்த கறிவேப்பிலை எல்லாம் அந்தப் பின்பக்கத்தில் நின்றவை.

இப்போதே எங்கள் தெருக் கடைசியில் ஒரு வீட்டுக்கு ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மதிலுக்கு மேலே பவளமல்லி தெரிகிறது, காலையில் ரோடெல்லாம் பூ. பவளமல்லியின் தட்டைக் காய்கள் காய்ந்து நிற்கின்றன. பக்கத்தில் ஒரு செண்பகம். அந்த வீட்டுப் பங்காளிகளில் யாராவது இதைப் படித்தால், பதியம் போட எங்களுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் போய்க் கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், இடிந்த அந்த வீட்டு ஆச்சியின் பேரப்பிள்ளைகளுக்கு: உங்கள் வீட்டு அடுக்குச் செம்பருத்தி என்னிடம் இருக்கிறது. மூன்று குச்சி இப்போது பதினோரு செடி. ஒன்று தினமும் பூக்கிறது. மனோரஞ்சிதம் இரண்டும் இடுப்புயரம் வந்துவிட்டன, பூக்க இன்னும் நாளாகும். ஆளுக்கு ஒன்று என்று தொட்டியில் வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது வாருங்கள், ஈரத்துணியில் சுற்றித் தருகிறேன்.

அன்புடன்,
பள்ளத்தூரிலிருந்து ஒரு செடிக்காரி